பாலுக்குள் இருக்கும் ஊர்

ஈப்போவிலிருந்து லூமுட் நெடுஞ்சாலையில் போனால், போத்தாவில் பேரா ஆற்றைக் கடந்து, ஆயர் தாவாரையும் தாண்டி, ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் சித்தியவான் வந்துவிடும். பங்கோர் தீவுக்குப் போகிறவர்கள் பலர் இந்த ஊரைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. இறங்குகிறவர்கள் சூடான கொம்பியா ரொட்டியும் கம்போங் கோ மிளகாய் சாஸும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

மாசி மகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான் அங்கே அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக அத்தைக்கு ஒரு வேண்டுதல். நான் பையை இறக்கி வைப்பதற்குள் ஒரு பிளாஸ்டிக் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"நீதான் எல்லாத்தையும் படிக்கிறவனாச்சே. இது மாட்டுப் பாலா, மாவுப் பாலான்னு பார்த்துச் சொல்லு."

தோட்டத்தில் இருந்த காலம் முதல் அவருக்குப் பால் ஊற்றிவந்தவர் வயதாகி மாடுகளை விற்றுவிட்டார். இப்போது வேறொருவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தருகிறார். பால் வெள்ளையாக இருக்கிறது, பொங்குகிறது, ஆடையும் படிகிறது. ஆனாலும் அத்தைக்கு மனம் ஒப்பவில்லை. "குடிக்கிறதுக்குன்னா எதுவா இருந்தாலும் பரவால்ல. இது ஆத்தா தலையில ஊத்துறது."

முகர்ந்து பார்த்தேன், ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி மனத்தில் நின்றது. ஒரு போத்தல் பாலை வைத்துக்கொண்டு, அது எதிலிருந்து வந்தது, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? தேடிப் படித்ததில் முடியும் என்றே தெரிந்தது. அந்தப் பதில் சித்தியவானைப் பற்றியும் சில செய்திகளைச் சொன்னது.

இரண்டு பால் கண்ட ஊர்

சித்தியவான் என்ற பெயருக்கு ஊர்க்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். சேற்றில் சிக்கிய யானையை விட்டுப் போக மனமில்லாமல் அதன் தோழன் பக்கத்திலேயே நின்றதாம். 'செத்தியா காவான்', அதாவது விசுவாசமான நண்பன் என்ற மலாய்ச் சொற்கள் சேர்ந்து ஊர்ப் பெயர் ஆனதாம். 1903-இல் சீனாவின் பூச்சோவ் பகுதியிலிருந்து மெதடிஸ்ட் கிறிஸ்துவர்கள் இங்கே குடியேறினார்கள். அடுத்து ரப்பர் வந்தது. ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்தார்கள்.

தோட்டத்துத் தமிழில் 'பால்' என்றால் இரண்டு பொருள். விடியற்காலையில் மரத்தைச் சீவி மங்கில் வடிவதும் பால். லயத்துக்குப் பின்னால் கொட்டகையில் கறப்பதும் பால். இரண்டுக்குமே பரிசோதனை உண்டு. வாளியில் கொண்டுவரும் ரப்பர் பாலை நிறுத்தபின், அதில் 'மெட்ரோலாக்' என்ற மிதவைக் கருவியைப் போட்டுப் பார்ப்பார்கள். பாலில் உண்மையில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று அது காட்டும். தண்ணீர் கலந்திருந்தால் மிதவை காட்டிக் கொடுத்துவிடும்.

மாட்டுப் பாலுக்கான 'லாக்டோமீட்டர்' அதே வகையைச் சேர்ந்த கருவிதான். பசும்பாலின் ஒப்படர்த்தி சாதாரணமாக 1.028 முதல் 1.032 வரை இருக்கும். தண்ணீர் ஊற்றினால் அது குறையும். ஆனால் பாலேட்டை எடுத்துவிட்டால் ஒப்படர்த்தி கூடும். ஆகவே பாலேட்டையும் எடுத்துவிட்டு, அளவாகத் தண்ணீரும் ஊற்றினால் மிதவை ஒன்றும் நடக்காதது போலவே நிற்கும். அதனால்தான் ஆய்வகத்தில் பாலின் உறைநிலையைப் பார்க்கிறார்கள். தண்ணீர் சுழியம் டிகிரியில் உறையும். பசும்பால் அதற்கு அரை டிகிரிக்குச் சற்றுக் கீழே உறையும். தண்ணீர் சேரச் சேர அந்த அளவு சுழியத்தை நோக்கி நகரும்.

ஏமாற்று ஒருபடி ஏறினால் சோதனையும் ஒருபடி ஏற வேண்டும். பாலைச் சோதிக்கும் கலை வளர்ந்த கதையே இதுதான்.

டின்னுக்குள் செம்பனை

இன்று சித்தியவானைச் சுற்றிப் பால்மரங்களைக் காட்டிலும் செம்பனைதான் அதிகம் கண்ணில் படுகிறது. அந்தச் செம்பனைக்கும் நம் வீட்டுப் பாலுக்கும் தொடர்பு உண்டு.

அடுத்த முறை ஒட்டுக்கடையில் தே தாரேக் குடிக்கும்போது, கடைக்காரர் கையில் இருக்கும் டின்னைக் கவனியுங்கள். பல டின்களில் 'சூசு பெக்காட் மானிஸ்' என்று இருக்காது. 'கிரிமெர் மானிஸ்' என்றுதான் இருக்கும். முதலாவது கெட்டியாக்கிய இனிப்புப் பால். உலக உணவுத் தரத்தின்படி அதில் குறைந்தது 8 விழுக்காடு பால் கொழுப்பு இருக்க வேண்டும். இரண்டாவதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். நம் நாட்டில் அது பெரும்பாலும் செம்பனை எண்ணெய். இது கலப்படம் அல்ல. சட்டம் அனுமதிக்கும் வேறொரு பொருள், பெயரையும் சரியாகவே போட்டிருக்கிறார்கள். நாம்தான் படிக்காமல் 'பால் டின்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். கைக்குழந்தைக்கு இரண்டுமே ஏற்றதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெயர் ஒட்டாத டின்னைக் கொடுத்தால் ஆய்வகம் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆடு, மாடு போன்ற அசைபோடும் விலங்குகளின் பால் கொழுப்பில் பியூட்டிரிக் அமிலம் என்ற சிறிய கொழுப்பு அமிலம் இருக்கிறது. பசுவின் பால் கொழுப்பில் இது 3 முதல் 4 விழுக்காடு. வெண்ணெய் கெட்டுப்போனால் வரும் வாடை இதனுடையதுதான். செம்பனை எண்ணெயில் இது இல்லை. செம்பனையில் பெரும்பங்கு பால்மிடிக், ஒலியிக் என்ற பெரிய கொழுப்பு அமிலங்கள். வாயு நிறப்பிரிகைக் கருவி இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்து காட்டும். இன்னொரு தடயமும் உண்டு. பால் கொழுப்பில் இருப்பது கொலஸ்ட்ரால். தாவர எண்ணெயில் இருப்பது அதன் உறவான சிட்டோஸ்டெரால். நெய்யில் சிட்டோஸ்டெரால் தென்பட்டால், தாவர எண்ணெய் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள்.

இந்தியாவில் ஒரு கெட்டிக்காரத்தனமான சட்டம் போட்டார்கள். வனஸ்பதி தயாரிப்பவர்கள் அதில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்த்தாக வேண்டும். வேறு எதற்கும் இல்லை, வனஸ்பதியை நெய்யில் கலந்தால் பிடிப்பதற்குத்தான். நெய்யை உருக்கி, அடர் அமிலத்தோடும் ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருளோடும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்கும் நெய்யில் அமிலம் சிவந்துவிடும். போடுவான் சோதனை என்று இதற்குப் பெயர். ஆய்வகத்தில் செய்ய வேண்டியது, வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

சோதனையே ஏமாந்த ஆண்டு

2008 செப்டம்பரில் நம் நாடு சீனாவிலிருந்து வரும் பால் பொருள்களுக்குத் தடை விதித்தது பலருக்கு நினைவிருக்கும். சீனாவில் பால் மாவு குடித்த ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள். சிறுநீரகத்தில் கல் உண்டானது. காரணம் மெலமின், தட்டு, கோப்பைகளுக்கான பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் பொருள்.

அதை ஏன் பாலில் கலந்தார்கள்? பாலில் எவ்வளவு புரதம் என்று பார்க்க, 1883-இல் டென்மார்க்கின் யோஹான் கெல்டால் கண்டுபிடித்த முறையே உலகெங்கும் பயன்பட்டு வந்தது. அது புரதத்தை நேராக அளப்பதில்லை. பாலில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.38-ஆல் பெருக்கிப் புரதக் கணக்குச் சொல்கிறது. மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் ஊற்றிய பாலில் கொஞ்சம் மெலமின் போட்டால், கணக்கில் புரதம் நிறைந்திருக்கும். பாலில் இருக்காது.

அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, இது எதிலிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும் என்பதை அந்த ஆண்டு உலகம் உணர்ந்தது. என் அத்தை கேட்டதும் அதைத்தான்.

புல்லும் மழையும் எழுதும் முகவரி

எதிலிருந்து என்பதற்கு அடுத்த கேள்வி, எந்த ஊரிலிருந்து என்பது. அதற்கும் வழி இருக்கிறது.

உலகில் உள்ள கார்பனில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு, மற்றதைவிடச் சற்றுக் கனமானது. அதைக் கார்பன்-13 என்பார்கள். எல்லாத் தாவரங்களும் இதை ஒரே அளவில் எடுத்துக்கொள்வதில்லை. நம் பக்கத்து நேப்பியர் புல், லாலாங், சோளம் போன்றவை கனமான கார்பனைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும். குளிர்நாட்டு மேய்ச்சல் நிலங்களில் வளரும் ரைப் புல்லும் குளோவரும் குறைவாகச் சேர்க்கும். மாடு எந்தப் புல்லைத் தின்கிறதோ, அந்தக் கணக்கு அதன் பாலில் ஏறிவிடும். நேப்பியர் புல் தின்ற பேரா மாட்டின் பாலையும் நியூசிலாந்து மாட்டின் பாலையும் கார்பனை வைத்தே பிரித்துச் சொல்ல முடியும். காய்ச்சினாலும் மாவாக்கினாலும் கொழுப்பிலும் புரதத்திலும் உள்ள இந்த அடையாளம் போகாது.

தண்ணீரிலும் இப்படி இருக்கிறது. கனமான ஆக்சிஜனும் கனமான ஹைட்ரஜனும் மழைநீரில் சிறிதளவு உண்டு. கடலோரம், மலை, வெப்பநாடு, குளிர்நாடு என்று இடத்துக்கு இடம் அந்த அளவு மாறும். மண்ணுக்கு அடையாளம் ஸ்ட்ரான்ஷியம். கால்சியத்தின் உறவான இது, பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து பாலுக்கும் போகிறது. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளைப் போன்ற நிலத்தில் ஒரு விகிதம் இருக்கும், கருங்கல் மலையடிவாரத்தில் வேறு விகிதம் இருக்கும்.

அத்தையின் 'மாட்டுப் பாலா, மாவுப் பாலா' கேள்விக்கு விடை தண்ணீரில் இருக்கிறது. மாடு குடிக்கும் நீரில் இலேசான பகுதி மூச்சிலும் வியர்வையிலும் முந்திக்கொண்டு வெளியேறும். ஆகவே கறந்த பாலில் உள்ள நீர், மாடு குடித்த நீரைவிடச் சற்றுக் கனமாக இருக்கும். மாவைக் கரைத்த பாலில் இருப்பது குழாய்த் தண்ணீர். தண்ணீர் சித்தியவானைச் சொல்லும், புரதம் வேறொரு நாட்டைச் சொல்லும்.

இத்தாலியில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பாலாடைக்கட்டியைக் குறிப்பிட்ட சில மாவட்டங்களில்தான் செய்யலாம். துருவி விற்கும்போது போலி கலப்பதைப் பிடிக்க இந்த முறை பயன்படுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உண்மையான கட்டியின் மாதிரிகளை முதலில் சேகரித்து, அளந்து, பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். கைரேகை கிடைத்தாலும், ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவேடு இல்லாவிட்டால் ஆளைச் சொல்ல முடியாது அல்லவா? பாலும் அப்படித்தான். பதிவேட்டில் இல்லாத ஊரை எந்தக் கருவியாலும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது.

நியூசிலாந்து வரை போய்த் திரும்பும் செம்பனை

இன்னொன்றைப் படித்தபோது வியப்பாக இருந்தது. செம்பனைக் கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கு மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலேறி நியூசிலாந்துக்குப் போகிறது. புல் குறையும் மாதங்களில் அங்கே மாடுகளுக்குத் தீவனம் அதுதான். அளவு மீறினால் பால் கொழுப்பின் தன்மையே மாறிவிடுகிறது. அதனால் ஃபொன்டெரா நிறுவனம் 2018 முதல் பண்ணைகளின் பால் கொழுப்பைச் சோதித்து, வரம்பு தாண்டினால் பணத்தைப் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நம் பக்கத்துச் செம்பனை அங்கே மாட்டின் வயிற்றுக்குள் போய், பால் மாவாகி, மறுபடி நம் பேரங்காடிக்கு வந்து நிற்கவும் கூடும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டுக்கு வந்த நெய்யைப் பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்தது. குஜராத்தின் ஆனந்த் நகரில் உள்ள தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்தின் ஆய்வகம் அந்த நெய் மாதிரியைச் சோதித்திருந்தது. 'எஸ் மதிப்பு' என்று நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். கொழுப்பு மூலக்கூறுகளின் அளவை வைத்துப் போடும் கணக்கு அது. சுத்தமான பால் கொழுப்புக்கு மொத்த மதிப்பு 95.68-க்கும் 104.32-க்கும் இடையே இருக்க வேண்டும். ஆனால் அதே சர்வதேசத் தரம், மாடு பட்டினி கிடந்தாலோ, எண்ணெய் மிகுந்த தீவனம் தின்றாலோ, கலப்படம் இல்லாத பாலிலும் மதிப்பு தவறாக வரலாம் என்று சொல்கிறது. விசாரணைக்கு இந்திய உச்ச நீதிமன்றம் அக்டோபரில் ஐந்து பேர் கொண்ட குழுவை அமைத்தது. ஓர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது. மாடு என்ன தின்றது என்றும் விசாரிக்க வேண்டும்.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்? பாலில் ஒரு சொட்டு அயோடின் விட்டு நீலமானால் மாவுச்சத்து கலந்திருக்கிறது என்று அறியலாம். அதற்கு மேல், மாவுப் பாலா கறந்த பாலா என்று சொல்லும் கைவைத்தியம் எதுவும் இல்லை. பெட்டிப் பால் வாங்கினால் பின்பக்கம் 'செர்புக் சூசு', 'சூசு தெப்பொங்' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டும் பால் மாவைத்தான் குறிக்கும். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் சொல்லலாம். 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்படி அதிகாரிகள் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும்.

கொட்டகைக்குப் போனோம்

மாசி மகத்துக்கு முதல் நாள் மறுபடி சித்தியவான் போனேன். படித்ததையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ்வளவு தூரம் எதுக்கு? மாட்டைப் போயி பார்த்துட்டு வருவோம்" என்றார்.

பால்காரரிடம் வழி கேட்டுப் போனோம். செம்பனை ஓரமாக ஒரு கொட்டகை, உள்ளே ஒன்பது மாடுகள். அவருக்கு எங்கள் சந்தேகம் புரிந்துவிட்டது போலும். ஒன்றும் சொல்லாமல், அத்தை கொண்டுவந்த தூக்கை வாங்கி எங்கள் கண்முன்னே கறந்து கொடுத்தார். அத்தைக்குத்தான் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. "தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி" என்றார். "கேக்குறது நல்லதுதான்மா. கேக்காம நிறுத்திக்கிறவங்கதான் நிறைய பேரு" என்றார் அவர்.

இந்த நாட்டில் 'லோக்கல் இந்தியன் டெய்ரி' என்று கால்நடைத் துறையினர் குறிப்பிடும் மாட்டு வகை ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து வந்தவர்களோடு வந்த மாடுகளின் வழித்தோன்றல்கள் அவை. பிறகு ஃப்ரீசியன், சாஹிவால் கலப்பில் 'மஃப்ரிவால்' என்ற கறவை இனத்தையும் நம் நாட்டிலேயே உருவாக்கினார்கள். கொட்டகையில் இருந்த மாடுகளில் இரண்டுக்குத் திமிலும் தொங்கும் கழுத்துத் தோலும் இருந்தன. "இது எந்த ஊர் மாடு?" என்று கேட்டேன்.

"இந்த ஊர் மாடுதான். இதோட ஆத்தாளும் இங்க பொறந்ததுதான்" என்றார். நான் கேட்டதே அவருக்கு விளங்கவில்லை.

அந்தப் பதில் சரியானது என்று இப்போது நினைக்கிறேன். மரபணுச் சோதனை செய்தால் அந்த மாட்டின் வம்சம் கடலுக்கு அப்பால் போகும். பாலைச் சோதித்தால் வேறு பதில் வரும். எந்தப் புல்லைத் தின்றது, எந்த மழைநீரைக் குடித்தது, எந்த மண்ணில் நின்றது என்றுதான் பால் சொல்லும். பாட்டனின் ஊர் அதில் இருக்காது. 'நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்' என்ற கேள்வியை இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். அந்தக் கொட்டகையில் நின்றபோது அதற்கு ஒரு விடை கிடைத்தது போலிருந்தது. பேராவின் புல்லையும் மழையையும் உடம்பில் வாங்கிய எதுவும் பேராவைச் சேர்ந்தது. 'பால்' என்று நாம் காசு கொடுத்து வாங்கும் டின்தான் பாதி உலகம் சுற்றி வந்திருக்கிறது.

தோட்டங்கள் துண்டாகி, லயங்கள் இடிந்து, மக்கள் தாமான் வீடுகளுக்கு வந்தபோது மாடுகளுக்கு இடமில்லாமல் போனது. இப்படிப்பட்ட கொட்டகைகள் இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். அவை இருக்கும்போதே அந்தப் பாலைச் சேகரித்து, அளந்து, பேராப் பால் இப்படித்தான் இருக்கும் என்று பதிவேட்டில் ஏற்றிவைப்பது நல்லது. சிறிய மாட்டுக்காரருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறு இருக்க முடியாது. மாவைக் கரைத்து விற்பவரோடு அவரைச் சேர்த்துச் சந்தேகப்படும் நிலையும் மாறும்.

மறுநாள் காலை லூமுட் படகுத்துறையில் கூட்டம் நெரிந்தது. அத்தை தூக்கை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடியை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். படகு ஆடியபோதெல்லாம் பாலைப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இனிமே ஆத்தா கேட்டாக்கூட, எந்த மாட்டுப் பாலுன்னு சொல்லிப்புடுவேன்."